கிராமச் சமூகவியல் கட்டுரைக்கு உதவி தேவை: இருவேல்பட்டு ஆய்வுகள் யாரிடமாவது இருக்கிறதா?

எல்லோருக்கும் வணக்கம். தங்கை பி.ஏ. சமூகவியல் படிக்கிறாள், கிராமச் சமூகவியலின் நோக்கமும் எல்லையும் பற்றி ஒரு கட்டுரை எழுத வேண்டும். பாடக்குறிப்பில் குடும்பம், சாதி, நிலவுடைமை, பஞ்சாயத்து என்று வரிசையாகப் போட்டிருக்கிறார்கள், ஆனால் இதையெல்லாம் ஒன்றாக வைத்து ஏன் படிக்க வேண்டும் என்பது அதில் இல்லை. அதனால் இருவேல்பட்டு என்ற ஒரே ஊரை வைத்து எழுதச் சொல்லியிருக்கிறேன்.

1916-இல் சென்னைப் பல்கலைக்கழகப் பேராசிரியர் கில்பர்ட் ஸ்லேட்டர் தன் மாணவர்களை வைத்துச் சில கிராமங்களை ஆராய்ந்தார் இல்லையா, அதில் அன்றைய தென்னார்க்காட்டு இருவேல்பட்டும் ஒன்று. 1930-களில் பி. ஜே. தாமஸும் கே. சி. ராமகிருஷ்ணனும் அதே ஊர்களை மறுபடி ஆராய்ந்தார்கள், 1980-களிலும், அதற்குப் பிறகும்கூட ஆய்வாளர்கள் இருவேல்பட்டுக்குப் போயிருக்கிறார்கள். கடனில் சிக்கிப் பண்ணையாரிடம் கட்டுண்டு கிடந்த படியாள் முறை அங்கே எப்படி மறைந்தது என்று பார்க்கப் போனால் நிலம், சாதி, கூலி, அரசியல், வெளியூர் வேலை எல்லாம் சேர்ந்துதான் வருகிறது, இந்தப் படிப்பின் எல்லையை விளக்க இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியவில்லை.

அந்தப் பழைய ஆய்வறிக்கைகளின் ஸ்கேன் பிரதி யாரிடமாவது இருக்கிறதா? தமிழில் சுருக்கமாக வந்திருந்தாலும் போதும். அப்புறம், களப்பணி செய்தவர்கள் யாராவது இருந்தால், ஊர்த்தெருவிலும் காலனியிலும் ஒரே கேள்விகளைக் கேட்கலாமா, யாரிடம் முதலில் போவது என்று கொஞ்சம் சொல்லுங்கள். அடுத்த வாரம் எழுதத் தொடங்க வேண்டும், அதற்குள் கிடைத்தால் பெரிய உதவியாக இருக்கும்.