கேமிங் பிராங்க் வீடியோ: எட்டு வயதுப் பையன் பார்க்கலாமா?

கேள்வி: எம்.சி. ரோடு அம்மா

எல்லாருக்கும் வணக்கம். பையனுக்கு எட்டு வயது, மூன்றாம் வகுப்பு. வீடு தண்டையார்பேட்டை. நான் எம்.சி. ரோட்டில் துணிக்கடையில் வேலை பார்க்கிறேன், வீடு திரும்ப ஒன்பது மணி ஆகிவிடும். அவன் அப்பா ஹார்பருக்குக் கண்டெய்னர் லாரி ஓட்டுகிறார், கியூவில் மாட்டினால் எப்போது வருவார் என்றே சொல்ல முடியாது. பள்ளி விட்டு வந்தால் மாமியார்தான் பார்த்துக்கொள்கிறார். அவர் போனில்தான் இவன் யூடியூப் பார்ப்பது.

பார்ப்பதெல்லாம் கேம் விளையாடிக்கொண்டே பிராங்க், அதாவது ஒருவரை ஏமாற்றிக் கலாய்ப்பது, செய்கிற வீடியோ. கட்டை கட்டையாக அடுக்கி வீடு கட்டுகிற மைன்கிராஃப்ட் கேம்தான் அதிகம். ஒருவன் பாடுபட்டு வீடு கட்டுகிறான். அவன் அந்தப் பக்கம் போனதும் கூட்டாளி வந்து தரைக்கு அடியில் டிஎன்டி என்கிற வெடியை அடுக்கி வெடிக்க விடுகிறான். வீட்டுக்காரன் கத்துகிறான், இவன் விழுந்து விழுந்து சிரிக்கிறான். ரத்தம் இல்லை, கெட்ட வார்த்தை இல்லை. மேலாகப் பார்த்தால் தப்பாக ஒன்றும் தெரியாது.

போன வாரம் அவன் தங்கச்சி ஒரு படத்துக்குக் கலர் அடித்து வைத்திருந்தாள். இவன் அதன் மேல் தண்ணீரை ஊற்றிவிட்டு, அவள் அழுவதைப் போனில் எடுத்திருக்கிறான். கேட்டால் "பிராங்க்மா, சும்மா" என்கிறான். அந்த வீடியோவைப் பார்த்தேன். அழுகிற பிள்ளையின் முகத்துக்குக் கிட்டே கிட்டே போனைக் கொண்டுபோகிறான். அதைப் பார்த்ததிலிருந்து மனசே சரியில்லை.

மொத்தமாக நிறுத்திவிடலாமா? இல்லை, எதைப் பார்க்கலாம், எதைப் பார்க்கக் கூடாது என்று பிரிக்க வழி இருக்கிறதா? வகுப்பில் எல்லாப் பையன்களும் இதைத்தான் பேசுகிறார்களாம்.

பதில்: எண்ணூர் அப்பா

நிறுத்துவதுதான் நல்லது. எங்கள் வீட்டில் யூடியூபே கிடையாது. இரண்டு நாள் அழுதான், அப்புறம் பந்தை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டான். எட்டு வயதுப் பிள்ளைக்கு எது நல்ல பிராங்க், எது கெட்ட பிராங்க் என்று பாடம் எடுக்க நம்மிடம் நேரம் எங்கே இருக்கிறது?

பதில்: காலடிப்பேட்டை டியூஷன் அக்கா

தங்கச்சி, நான் திருவொற்றியூர் காலடிப்பேட்டையில் வீட்டிலேயே டியூஷன் எடுக்கிறேன். ஒன்றாம் வகுப்பிலிருந்து எட்டாம் வகுப்பு வரை பிள்ளைகள் வருகிறார்கள். பையைக் கீழே வைப்பதற்குள் இந்த வீடியோக்களைப் பற்றிப் பேச்சு தொடங்கிவிடும். என்னதான் பார்க்கிறார்கள் என்று தெரிய வேண்டும் என்பதற்காகவே நானும் உட்கார்ந்து நிறையப் பார்த்திருக்கிறேன்.

எண்ணூர் அண்ணன் சொல்வது வீட்டில் பகலெல்லாம் ஆள் இருந்தால் நடக்கும். உங்கள் மாமியாரால் பின்னாலேயே ஓட முடியாது. நீங்கள் தடுத்தால் பையன் பக்கத்து வீட்டில் போய்ப் பார்ப்பான், அங்கே யார் என்ன போட்டுக் காட்டுகிறார்கள் என்று உங்களுக்குத் தெரியவே தெரியாது. அதனால் பிரித்துப் பார்க்கத்தான் வேண்டும்.

டிஎன்டியைப் பற்றி நான் கவலைப்படவில்லை. முகத்துக்குக் கிட்டே போனைக் கொண்டுபோனான் என்று எழுதியிருக்கிறீர்களே, அதைத்தான் அவன் அந்த வீடியோக்களில் கற்றிருக்கிறான். நம் பக்கத்தில் கலாய்ப்பது ஒன்றும் புதிதில்லை. எங்கள் தெருவில் கேரம் ஆடுகிற பையன்கள் புதிதாக வருகிறவனின் ஸ்ட்ரைக்கரை ஒளித்து வைத்துவிட்டு, அவன் தேடுவதைப் பார்த்து வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பார்கள். அவன் முகம் மாறியதும் எவனாவது ஒருவன் "இந்தாடா" என்று எடுத்துக் கொடுத்துவிடுவான். மறுநாள் அவன் இவர்களை ஓட்டுவான். முகம் மாறினால் கேலியை நிறுத்த வேண்டும் என்று யாரும் சொல்லிக்கொடுக்காமலே தெரிந்துகொள்கிறார்கள். பிராங்க் வீடியோக்கள் பலவற்றில் முகம் மாறிய பிறகுதான் கச்சேரியே ஆரம்பம். முகத்தை ஜூம் செய்கிறார்கள், 'டும்' என்று ஒரு சத்தம் சேர்க்கிறார்கள், ஸ்லோமோஷனில் மறுபடி காட்டுகிறார்கள், அதே அழுகிற முகத்தை வீடியோவின் முகப்புப் படமான தம்ப்நெயிலிலும் ஒட்டுகிறார்கள். இதைத் தினமும் பார்க்கிற பிள்ளைக்கு, அழுகை என்பது கிட்டே போய்ப் படம் பிடிக்க வேண்டிய ஒன்றாகிவிடுகிறது.

நான் எந்த வீடியோவை எடுத்தாலும் முதலில் ஏமாந்தவனைத்தான் கவனிப்பேன். இரண்டு வீடியோ சொல்கிறேன். ஒன்றில், மைன்கிராஃப்டில் கூட்டாளியின் அறைக்குள் முட்டை முட்டையாக எறிந்து கோழிக்குஞ்சுகளால் நிரப்பி வைக்கிறார்கள். அவன் கதவைத் திறக்கிறான், கூட்டம் கூட்டமாக வெளியே வருகின்றன, "டேய் என்னடா இது" என்று அவனே சிரித்து உருள்கிறான். பத்து நிமிஷத்தில் பதிலுக்கு ஏமாந்தவன் கூட்டாளியின் பெட்டிகளை எல்லாம் காலி செய்து வெறும் மண்ணைக் கொட்டி வைக்கிறான். கடைசியில் இருவரும் சேர்ந்து கோழிகளை ஓட்டுகிறார்கள். இதை என் பிள்ளைகள் தாராளமாகப் பார்க்கட்டும்.

இன்னொன்றில் எதுவுமே வெடிக்காது, உடையாது. "உன் அக்கவுண்ட் பேன் ஆகிவிட்டது", அதாவது தடை செய்துவிட்டார்கள் என்று ஒருவன் ஒரு பையனுக்குப் பொய் ஸ்கிரீன்ஷாட்டை அனுப்புகிறான். அந்தப் பையன் முதலில் நம்பவில்லை, அப்புறம் குரல் தழுதழுக்கிறது, "அண்ணா ஏதாவது பண்ணுங்கண்ணா" என்று கெஞ்சுகிறான். இவன் விடுவதாக இல்லை. "உங்க அம்மாகிட்ட சொல்லட்டுமா" என்று இன்னும் மிரட்டுகிறான். அழுது ஓய்ந்த பிறகுதான் "பிராங்க் புரோ!" எல்லாம். பெரியவர்கள் எட்டிப் பார்த்தால் அடிதடி இல்லை, ஆபாசம் இல்லை, நல்ல வீடியோ என்றே விட்டுவிடுவார்கள். நான் இதைத்தான் வேண்டாம் என்பேன். உங்கள் பையனால் வீட்டில் டிஎன்டி வைக்க முடியாது. ஒரு பொய் சொல்லி ஒருத்தியை அழவைத்துப் படம் பிடிக்க முடியும், அதற்கு ஒரு போன் போதும். கேம் இல்லாமல் வீட்டில் அப்படியே செய்யக்கூடியது எது என்று பாருங்கள்.

கேமுக்குப் போட்டிருக்கிற வயதை வீடியோவுக்கும் எடுத்துக்கொள்ளாதீர்கள். எந்த கேம் எந்த வயதுக்கு என்று குறிக்கிற அமைப்புகள் இருக்கின்றன. மைன்கிராஃப்டுக்கு ஐரோப்பாவின் பெகி 7 வயது என்கிறது, அமெரிக்காவின் இஎஸ்ஆர்பி 10 வயது என்கிறது. அவர்கள் பார்த்தது கேமை. அதை வைத்துக்கொண்டு யாரோ ஒருவர் மைக்கில் என்ன பேசுகிறார் என்பதை அவர்கள் பார்க்கவில்லை. ஆனால் கேமுக்கே வயது கூடுதல் என்றால் அங்கேயே நிறுத்திவிடலாம். கார் திருட்டும் துப்பாக்கிச் சண்டையுமான ஜிடிஏ 5 கேமுக்குப் பெகி 18, இஎஸ்ஆர்பி 17. அதே கேமில் கார்ட்டூன் வேஷம் போட்டு, குழந்தைக் குரலில் பேசி, ரோட்டில் போகிறவர்களை இடித்துத் தள்ளி 'பிராங்க்' என்று போடுகிறார்கள். டியூஷனில் இரண்டாம் வகுப்புப் பிள்ளை அதைச் சொல்லிச் சிரிக்கிறது. அதற்கு நான் இடம் கொடுப்பதில்லை.

பையனோடு ஒன்றைப் பேசிப் பாருங்கள். வீடியோவில் வெடித்த வீடு உண்மையிலேயே போய்விட்டதா என்று அவனிடம் கேளுங்கள். மைன்கிராஃப்டில் உலகத்தை அப்படியே காப்பி எடுத்து வைக்கலாம், ஒரு பட்டன்தான். பல வீடியோக்களில் ஏமாறுகிறவனும் கூட்டுதான், முன்னாடியே பேசி வைத்துக்கொண்டு கத்துகிறான். எட்டு வயதில் இது தானாகப் புரியாது, சொன்னால் நன்றாகப் புரியும். அப்புறம் தங்கச்சி கலர் அடித்த படத்துக்குக் காப்பி இல்லை என்பதையும் சொல்லுங்கள். அவளிடம் கேட்டுக்கொண்டு, அந்த வீடியோவை அவன் கையாலேயே அழிக்கட்டும். மாமியாரின் வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் போட்டிருக்கிறானா என்றும் ஒரு முறை பார்த்துவிடுங்கள்.

பிள்ளைகளை மனதளவில் நோகடிக்கிற பிராங்க் கூடாது என்று யூடியூபே 2019 ஜனவரியில் விதியைத் தெளிவாக்கியது. அமெரிக்காவின் மேரிலாண்டில் ஒரு தம்பதி தங்கள் பிள்ளைகளைத் திட்டி அழவைத்துப் பிராங்க் சேனல் நடத்தினார்கள். 2017-இல் இரண்டு பிள்ளைகளை வளர்க்கும் பொறுப்பு அவர்கள் கையை விட்டுப் போனது, கோர்ட் அவர்களை ஐந்து ஆண்டு கண்காணிப்பில் வைத்தது. அவர்களும் அதையெல்லாம் விளையாட்டு என்றுதான் முதலில் சொன்னார்கள்.

பதில்: வண்ணாரப்பேட்டை மொபைல் கடை

அக்கா சொன்னதோடு போனில் செய்ய வேண்டியதையும் சொல்லிவிடுகிறேன். மாமியார் போனில் ஓடுவது மாமியாரின் அக்கவுண்ட். அதனால் பார்ப்பவர் பெரியவர் என்றே யூடியூப் நினைக்கும். முதல் வேலையாக ஆட்டோபிளேயை நிறுத்துங்கள். ஒரு நல்ல வீடியோவுக்குப் பின்னால் தானாக வருகிற நாலாவது வீடியோதான் ஆபத்து. பார்த்த ஹிஸ்டரியை அழியுங்கள். வேண்டாத சேனல் வந்தால் மூன்று புள்ளியைத் தொட்டு 'இந்தச் சேனலைப் பரிந்துரைக்காதே' என்று கொடுங்கள். யூடியூப் கிட்ஸ் ஆப்பில் 5 முதல் 8 வயதுக்குத் தனிப் பிரிவு உண்டு. நீங்கள் தேர்ந்தெடுத்த சேனல் மட்டும் ஓடும்படியும் அதில் வைக்கலாம்.

சில வீடியோவில் கமென்ட் மூடியிருக்கும். குழந்தைகளுக்கானது என்று குறித்த வீடியோவுக்கு 2020 ஜனவரியிலிருந்து அப்படித்தான். பெரும்பாலும் அந்தக் குறியைப் போடுவது சேனல்காரரே. அதைப் பார்த்து நல்ல வீடியோ என்று நம்பிவிடாதீர்கள்.

கடைக்கு வருகிறவர்களிடம் நான் அதிகம் பார்ப்பது 'ஃப்ரீ டைமண்ட்' விவகாரம். டைமண்ட் என்பது ஃப்ரீ ஃபயர் என்கிற துப்பாக்கி கேமில் பொருள் வாங்குகிற காசு. ஃப்ரீ ஃபயரை நம் நாட்டில் 2022 பிப்ரவரியில் தடை செய்தார்கள், அதே மாதிரியான ஃப்ரீ ஃபயர் மேக்ஸ் இன்னும் ஓடுகிறது. பிராங்க் வீடியோவுக்குக் கீழே "டைமண்ட் வேணுமா, லிங்க்கைத் தொடு" என்று இருக்கும். பிள்ளை தொடும், ஓடிபி வரும், அதையும் அடிக்கும். ஜிபே இருக்கிற போனைப் பிள்ளையிடம் கொடுக்கவே கொடுக்காதீர்கள். பணம் போய்விட்டால் யோசிக்காமல் உடனே சைபர் மோசடிப் புகார் எண்ணான 1930-க்குப் போன் செய்யுங்கள்.

லைவ் மட்டும் வேண்டவே வேண்டாம். எடிட் செய்யாமல் பேசுவது அப்படியே காதில் விழும். பப்ஜி லைவில் பெண்களை ஆபாசமாகப் பேசியதாக ஒரு தமிழ் யூடியூபரைச் சென்னை போலீஸ் 2021 ஜூனில் தருமபுரியில் வைத்துப் பிடித்தது எல்லாருக்கும் ஞாபகம் இருக்கும். அதைக் கேட்டவர்களில் பள்ளிப் பிள்ளைகளும் இருந்தார்கள்.

பதில்: எம்.சி. ரோடு அம்மா

ரொம்ப நன்றி அக்கா, அண்ணா. கடை லீவு அன்றைக்கு அவனோடு உட்கார்ந்து பார்த்தேன். ஹெட்செட்டைக் கழற்றச் சொல்லிவிட்டேன். சத்தத்தைக் கேட்டு மாமியார் அடுப்படியிலிருந்து வந்து, "இந்தப் பையன் ஏன் இப்படிக் கதறுறான், யாராவது போய்ப் பாருங்கடி" என்றார். அது விளையாட்டு என்று சொன்னேன். "அழுறதுல என்ன விளையாட்டு" என்று கேட்டுவிட்டுப் போய்விட்டார். பையன் ஒன்றும் பேசவில்லை.

உலகத்தைக் காப்பி எடுக்கலாம் என்று சொன்னதும் அவன் முகம் போன போக்கைப் பார்க்க வேண்டும். "அப்போ அவன் நடிக்கிறானா?" என்று திரும்பத் திரும்பக் கேட்டான். வீடியோவைத் தங்கச்சி முன்னால் அழித்தாயிற்று. ஸ்டேட்டஸில் போடவில்லை. அந்த பேன் பிராங்க் போடுகிற சேனலை எடுத்துவிட்டேன். கட்டுவதும் கலாய்ப்பதுமாக இருக்கிற ஒரு சேனலை மட்டும் விட்டிருக்கிறேன், அதுவும் பாட்டி பக்கத்தில், ஹெட்செட் இல்லாமல்.

இன்னும் ஒன்று. அவன் பெரியப்பா பையனுக்குப் பதினாலு வயது. அவன் வந்தால் ஜிடிஏதான் போடுகிறான். அவனுக்கு எப்படிச் சொல்வது?

பதில்: காலடிப்பேட்டை டியூஷன் அக்கா

அவனைத் திட்டாதீர்கள், வருவதை நிறுத்திவிடுவான். பதினாலு வயதுப் பையனுக்குப் பொறுப்பு கொடுத்தால் பிடிக்கும். "தம்பி நீ பண்றதைத்தான் அப்படியே பண்றான், அவன் இருக்கும்போது இந்த கேம் வேண்டாம்பா, அவனுக்கு நீயே கட்டக் கற்றுக்கொடு" என்று தனியாகக் கூப்பிட்டுச் சொல்லுங்கள். அவன் பெற்றோரிடமும் ஒரு வார்த்தை போட்டு வையுங்கள், அந்த கேமுக்கு அவனுக்கே இன்னும் வயதாகவில்லை.

மாமியாரிடம் நான் கேட்டதாகச் சொல்லுங்கள்.