எஃபெக்ட் ஃபில்டர் போட்டு எடுத்த படங்கள்: உங்க அனுபவம் சொல்லுங்க

தஞ்சை_க்ளிக்
அக்கா மக கல்யாணம். குத்துவிளக்கெல்லாம் நட்சத்திரமா மின்னணும்னு நாலு முனை ஸ்டார் ஃபில்டர் மாட்டினேன், அப்புறம் கழட்டவே இல்லை. தாலி ஏறினதும் அப்பத்தா குனிஞ்சு பொண்ணுக்குத் திருநீறு பூசுது. வீடியோ லைட் நேரா அதோட வைர மூக்குத்தியில விழ, கல்லுல கிளம்பின கோடு வலது கண்ணைக் கடந்து நெத்தி வரைக்கும் போயிருச்சு. மூணு படம், மூணும் அப்படித்தான். அடுத்த ஆடியில அப்பத்தா போயிருச்சு. அப்பத்தா வாய்விட்டுச் சிரிக்கிற படம் எங்கக்கிட்ட அந்த மூணு மட்டும்தான். ரீடச் பண்ணிக் கோட்டை எடுத்தா, கண்ணு வேற யாரோடதோ மாதிரி ஆயிடுது.

நெகட்டிவ்_காலம்
ஃபிலிம் நாள்ல அஞ்சு பிம்பம் விழுற ப்ரிஸம் ஃபில்டர் இல்லாம ஆல்பமே கிடையாது. ஒரு ஆல்பத்துல மாப்பிள்ளையோட அம்மா அந்தப் பக்கத்துல விரலை வெச்சு, "இதுல எது தம்பி எம்புள்ள?"ன்னு கேட்டாங்க. அதோட அந்த ஃபில்டரை நான் தொடலை.

முத்துநகர்_85
எல்லாரும் ஃபில்டரையே குத்தம் சொல்றீங்க, ஒத்துக்க மாட்டேன். சர்ச் கல்யாணத்துல 1/2 மிஸ்ட் (வெளிச்சத்தைப் பனி மாதிரி பரப்புற ஃபில்டர், 1/2ங்கிறது அதோட பலம்) போட்டு எடுத்தேன், வெள்ளை கவுன்ல இருந்த லேஸ் வேலைப்பாடு மொத்தமும் புகையாப் போச்சு. தப்பு என் கணக்குல. அதே நம்பர் 35 எம்எம் லென்ஸ்ல லேசா இருக்கும், 85 எம்எம்ல தூக்கலாத் தெரியும். முகத்துக்கு 1/8 போதும். வாங்கின அன்னிக்கே ஒரு அகல் விளக்கு, ஒரு வெள்ளை வேட்டி வெச்சு வீட்லயே எடுத்துப் பாருங்க. ஸ்டார் ஃபில்டர்ல கோடு எப்பவும் கண்ணாடியில கீறின வரிக்குக் குறுக்காதான் ஓடும், அதனால வளையத்தைத் திருப்பினா கோடும் திரும்பும். பெருக்கல் குறியா நின்னா மூக்குத்திக் கோடு கண்ணுல ஏறும். கூட்டல் குறியா நின்னா மூக்கோரமாப் போகும். விளக்கு வரிசைக்கு மட்டும்னா ஃபில்டரே வேண்டாம்: ட்ரைபாட்ல வெச்சு லென்ஸ் துளையை எஃப்/16க்குச் சுருக்குங்க, நட்சத்திரம் தானா வரும். அந்தத் துளையைச் சுருக்குற அபெர்ச்சர் பிளேடு எட்டுன்னா எட்டு முனை, ஒன்பதுன்னா பதினெட்டு.

நெகட்டிவ்_காலம்
தஞ்சைத் தம்பியோட வருத்தம் அது இல்லையே. @தஞ்சை_க்ளிக், அப்பத்தா சிரிக்கிறது வீடியோவுல இருக்கான்னு அந்த வீடியோக்காரர்கிட்ட கேட்டீங்களா? அவர் கேமராவுல ஸ்டார் ஃபில்டர் இருந்திருக்காதே.

தஞ்சை_க்ளிக்
கேட்டேன் அண்ணே. அந்த நேரம் அவர் பொண்ணு முகத்தை க்ளோஸ்-அப் எடுத்திருக்காரு. அப்பத்தாவோட கை மட்டும் வருது, விரல் நுனியில திருநீறோட.