‘கோபார்சனர்’: ‘கூட்டு வாரிசு’ பொருந்துமா?

அன்புள்ள நண்பர்களுக்கு,

இந்து வாரிசுரிமைச் சட்டத்தின் 6-ஆம் பிரிவில் வரும் ‘கோபார்சனர்’ என்ற சொல்லைக் ‘கூட்டு வாரிசு’ எனத் தமிழாக்கலாம் என்னும் முன்மொழிவு எனக்கு உடன்பாடானதன்று. வாரிசுக்கு உரிமை வருவது ஒருவர் இறந்த பின்னர். இச்சொல் குறிக்கும் நபருக்கோ, மிதாட்சரம் என்னும் மரபுவழி இந்துச் சட்ட முறைப்படி, பூர்வீகச் சொத்தில் பிறக்கும்போதே பங்கு உண்டாகிவிடுகிறது. 1956-ஆம் ஆண்டுச் சட்டம் மகளைத் தந்தையின் வாரிசாக ஏற்றுக்கொண்ட பிறகும் பிறப்பால் வரும் பங்கை மகனுக்கு மட்டுமே விட்டுவைத்தது. தமிழ்நாடு 1989-இல் இதைத் திருத்தியது. ஆனால் அவ்வாண்டு மார்ச் 25-க்கு முன் மணமான மகள்களுக்கு அது பயன்படவில்லை. 2005-ஆம் ஆண்டின் மத்தியத் திருத்தம் அந்த வரம்பை விட்டொழித்ததோடு, மகளை விலக்கிவைப்பது அரசமைப்பு உறுதியளிக்கும் சமத்துவ உரிமையை மறுப்பதாகும் என்று தன் நோக்கவுரையிலேயே கூறியது.

அதன்பின்னும் சிக்கல் தீரவில்லை. திருத்தம் நடைமுறைக்கு வந்த 9.9.2005 அன்று தந்தை உயிரோடிருந்தால்தான் மகளுக்குப் பங்கு என 2015-இல் உச்ச நீதிமன்றத்தின் இரு நீதிபதிகள் அமர்வு கூறியது. 2020-இல் வினீதா சர்மா வழக்கில் மூன்று நீதிபதிகள் அமர்வு, உரிமை பிறப்பால் வருவதால் தந்தை அன்று உயிரோடிருக்க வேண்டியதில்லை என்று அதை மாற்றியது. வழக்கே ‘பிறப்பு’ என்ற ஒரு சொல்லைச் சுற்றித் தீர்ந்திருக்க, அதைக் கலைச்சொல்லில் இல்லாமல் விட்டுவிடுவது எப்படிச் சரியாகும்?

‘பங்காளி’ போதுமே என்றும் கேட்கப்பட்டது. இலக்கணப்படி ‘ஆளி’ விகுதி இருபாலுக்கும் பொது. தொழிலாளி, நோயாளி போல. பேச்சு வழக்கிலோ பங்காளி என்றால் ஆண்வழிச் சொந்தமே. மணமாகிப் போன மகளை யாரும் அப்படி அழைப்பதில்லை, பங்காளி முறை, மாமன் மச்சான் முறை என்ற பாகுபாடும் உடன் வந்துவிடும். ‘தாயாதி’க்கும் இதே குறைதான். (அதில் இருப்பது அன்னை அன்று, உரிமைச் சொத்தைக் குறிக்கும் ‘தாயம்’ என்பதையும் விளக்க வேண்டியிருக்கும்.) ‘பங்கர்’ சுருக்கமானதே, ஆனால் ஈழத்து வாசகர் அதை ஆங்கில ‘bunker’ ஆகக் கொண்டு பதுங்குகுழி என்றே படிப்பார்.

எனவே ‘பிறப்புரிமைப் பங்காளர்’ என்பதை முன்வைக்கிறேன். பங்காளியின் வேர்ச்சொல் இதில் இருப்பதால் ஊரார்க்கும் புரியும். ‘ஆளர்’ விகுதி மகளையும் தயக்கமின்றி ஏற்கும். பத்திரம் எழுதுவோர் நீளம் என்று முணுமுணுக்கக்கூடும். அவர்கள் வழக்கமாக எழுதும் ‘சர்வ சுதந்திர பாத்தியங்களுடன்’ என்பதைவிட இது குறுகியதே.