லூஸில் வாங்கிய டாக் ஃபுட், மஞ்சள் பூத்த கண்: யாரைக் கேட்பது?

உப்பளத்துக் கணக்கன் (தூத்துக்குடி)

எங்கள் வீட்டு நாயின் பெயர் சுக்கு. கன்னி என்கிற நாட்டு நாயும் தெருநாயும் கலந்த ஜாதி. காய்ந்த சுக்கின் நிறம், அதனால் அந்தப் பெயர். வயது 4, எடை 16 கிலோ. குட்டியிலிருந்தே காலையில் டாக் ஃபுட், ராத்திரி சோறும் கோழி ஈரலும்.

ஐப்பசி மழை ஆரம்பித்த வாரத்தில் தட்டில் போட்டதை முகர்ந்து பார்த்துவிட்டு ஒவ்வொன்றாக எடுத்துத் தரையில் வைத்தான். "வசதி வந்துட்டோ உனக்கு" என்று திட்டிவிட்டு, கோழி வேகவைத்த தண்ணீரை மேலே ஊற்றினேன். வாசனைக்கு மயங்கி நக்கித் தின்றுவிட்டான். இப்படியே மூன்று நாள். இன்றைக்கு நினைத்தால் அதுதான் உறுத்துகிறது. வேண்டாம் என்று சொன்னவனை ஏமாற்றித் தின்ன வைத்திருக்கிறேன்.

நான்காம் நாள் வாந்தி. மூத்திரம் கட்டன் சாயா நிறம். மகள்தான் கண்ணிமையை விலக்கிப் பார்த்து "அப்பா, மஞ்சத் தண்ணி மாதிரி இருக்கு" என்றாள். டாக்டரிடம் ஓடினோம். உண்ணிக் காய்ச்சலா என்று ரத்தம் எடுத்துப் பார்த்தார், இல்லை. எலிக்காய்ச்சலுக்கு ஊசி போட்டிருந்தும் சந்தேகத்துக்கு மருந்து கொடுத்தார். ஈரல் கணக்கான எஸ்.ஜி.பி.டி. 600 சொச்சம். நூறுக்குள் இருக்க வேண்டியதாம். அப்புறம்தான் கேட்டார்: "என்ன சாப்பாடு போடுறீங்க? பையைக் கொண்டாங்க."

நான் கொண்டுபோனது ரப்பர் பேண்டு போட்ட வெள்ளைக் கவர். பேரும் கிடையாது, தேதியும் கிடையாது. இருபது கிலோ மூட்டையைப் பிரித்து கிலோ கணக்கில் நிறுத்துத் தருகிற கடையில்தான் இரண்டு வருஷமாக வாங்குகிறேன். டாக்டர் கவரைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்துவிட்டு, ஒன்றும் சொல்லாமல் மேஜையில் வைத்தார்.

கடைக்காரரிடம் போனால், "நல்ல கம்பெனி சார், வேற யாரும் ஒண்ணும் சொல்லலையே" என்கிறார். மூட்டையைக் காட்டுங்கள் என்றேன். காலியாகிவிட்டது, சாக்கைப் பழைய சாக்கு வாங்குகிறவருக்குப் போட்டாச்சு என்றார்.

கேள்வி இதுதான். சாப்பாட்டால்தான் வந்தது என்று எப்படித் தெரிந்துகொள்வது? மிச்சம் முக்கால் கிலோ இருக்கிறது, எங்கேயாவது சோதிக்க முடியுமா? கம்பெனிச் சாப்பாட்டையே நிறுத்திவிடலாமா? இப்போது குளுக்கோஸ் ஏறுகிறது, வாலை லேசாக ஆட்டுகிறான்.


பழையசோறு (தேனி)

முதலில் அந்தக் கருமத்தைக் கொட்டுங்கள் சார். எல்லாம் கெமிக்கல். எங்கள் தாத்தா வளர்த்த கோம்பை, கேப்பைக் களியும் கறிக்குழம்பும் தின்று 14 வருஷம் இருந்தது. பையில் வருகிற சாப்பாடு என்றால் என்னவென்றே அதுக்குத் தெரியாது. நாம் சாப்பிடுவதைப் போடுங்கள், ஒன்றும் ஆகாது.


தீவன மூட்டை (நாமக்கல்)

கொட்டிவிடாதீர்கள்! கட்டி வையுங்கள், சொல்கிறேன்.

நான் கோழித் தீவன ஆலையில் 19 வருஷமாகக் கொள்முதல் பார்க்கிறேன். நாய் வைத்தியம் தெரியாது. ஆனால் நீங்கள் எழுதியதைப் படித்ததும் எங்கள் தொழிலில் முதலில் மனசில் வருவது அஃப்ளாடாக்சின். மக்காச்சோளத்திலும் கடலைப் புண்ணாக்கிலும் ஒருவகைப் பூஞ்சணம் பிடிக்கும், அது கக்குகிற விஷம். நேராக ஈரலைத்தான் தாக்கும். 1960-இல் இங்கிலாந்தில் ஒரு லட்சத்துக்கும் மேலான வான்கோழிகள் செத்து, தீவனத்தில் கலந்த கடலைப் புண்ணாக்கைத் தோண்டித் துருவியபோதுதான் இப்படி ஒன்று இருப்பதே தெரிந்தது. கோழிக்காரர்கள் எங்களுக்கு அது பாலபாடம்.

நாய்க்கும் இது புதிது இல்லை. 1974-இல் குஜராத், ராஜஸ்தான் பக்கம் பழங்குடி ஊர்களில் மழையில் நனைந்த மக்காச்சோளத்தைத் தின்று 100 பேருக்கு மேல் மஞ்சள் காமாலை வந்து இறந்தார்கள். அந்த வீடுகளில் அதே சோளத்தைத் தின்ற நாய்களுக்கும் வயிறு வீங்கிக் கண் மஞ்சளானது. அமெரிக்காவில் 2020 கடைசியில் ஸ்போர்ட்மிக்ஸ் என்ற டாக் ஃபுட்டைத் திரும்பப் பெற்றார்கள். அங்கே அனுமதி 20 பி.பி.பி., அதாவது நூறு கோடியில் 20 பங்கு. சில மூட்டைகளில் 558 வரைக்கும் இருந்தது. 100-க்கும் மேற்பட்ட நாய்கள் செத்ததாகப் புகார் வந்தது. அந்த அறிவிப்பில் சொன்ன அறிகுறிகளில் முதல் வரிசையிலேயே இருந்தது என்ன தெரியுமா? சாப்பாட்டை மறுப்பது. உங்கள் சுக்கு அதைத்தான் செய்திருக்கிறான். உடனே அதுதான் இது என்று நான் முடிவு கட்டவில்லை. ஈரல் கெட நூறு காரணம் உண்டு.

இன்னொன்று. பூஞ்சணம் கண்ணுக்குத் தெரியவில்லை, வாசனை நன்றாக இருக்கிறது என்பதெல்லாம் கணக்கில் வராது. ஆலைச் சூட்டில் பூஞ்சணம் செத்துவிடும், அது ஏற்கெனவே விட்ட விஷம் அப்படியே இருக்கும். வீட்டில் கொதிக்க வைத்தாலும் போகாது. வெயிலில் காயவைத்துப் போடலாம் என்று யாராவது வந்து சொல்வார்கள், கேட்காதீர்கள்.

சோதிக்க முடியும். கால்நடைப் பல்கலைக்கழகத்தின் தீவன ஆய்வகம் எங்கள் ஊரில் இருக்கிறது, ஆலைக்காரர்கள் எல்லோரும் அங்கேதான் கொடுப்போம். நாய்ச் சாப்பாட்டை வாங்கிக்கொள்வார்களா என்று விசாரித்துச் சொல்கிறேன். ஆனால் ஒரு சங்கடம். இந்த விஷம் மூட்டை முழுக்கச் சமமாகப் பரவி இருக்காது. ஒரு லாரிச் சோளத்தில் நாலு கை அளவில்தான் இருக்கும், அந்த நாலு கையில் கொள்ளையாக இருக்கும். அதனால்தான் லாரி வந்ததும் பத்துப் பதினைந்து மூட்டையில் குத்தூசி போட்டு எடுத்து, அரைத்துக் கலந்து பார்ப்போம். உங்கள் முக்கால் கிலோவில் இருக்கிறது என்று வந்தால் இருக்கிறது. இல்லை என்று வந்தால், அந்த முக்கால் கிலோவில் இல்லை, அவ்வளவுதான்.


பூனைக்காரி (கோவை)

பழையசோறு அண்ணா, நாம் சாப்பிடுவது என்றால் சாம்பாரும் சேர்த்தியா? வெங்காயம் நாய்க்கும் பூனைக்கும் ரத்தத்தில் உள்ள சிவப்பணுவை உடைக்கும். தாத்தாவின் கோம்பை தப்பித்தது, தப்பிக்காத நாய்களைப் பற்றி எந்தத் தாத்தாவும் கதை சொல்வதில்லை.

என் வீட்டில் மூன்று பூனைகள். நானும் ஒரு காலத்தில் பயந்துபோய் எல்லாவற்றையும் நிறுத்தினேன். பயத்துக்குக் காரணம் 2007-இல் அமெரிக்காவில் நடந்தது. மெனு ஃபுட்ஸ் என்ற கனடா கம்பெனி மார்ச் மாதத்தில் 6 கோடி டப்பா, பொட்டலங்களைத் திரும்பப் பெற்றது. ஒரே ஆலை பல பிராண்டு பெயர்களுக்குச் செய்து கொடுத்ததால், விலை கூடியது, குறைந்தது என்று வித்தியாசமில்லாமல் எல்லாம் மாட்டியது. பூனைகளுக்கும் நாய்களுக்கும் சிறுநீரகம் நின்றுபோனது. சீனாவிலிருந்து வந்த கோதுமைப் புரதத்தில் மெலமைன் கலந்திருந்தார்கள், தட்டு செய்கிற பிளாஸ்டிக்குக்குப் போடுகிற சரக்கு. ஏன் என்றால், புரதம் எவ்வளவு என்று சோதிக்கிறவர்கள் புரதத்தை அளப்பதில்லை, நைட்ரஜனைத்தான் அளக்கிறார்கள். மெலமைனில் மூன்றில் இரண்டு பங்கு நைட்ரஜன். காகிதத்தில் புரதம் ஏறிவிடும். அடுத்த வருஷமே அதே தந்திரத்தைப் பால் மாவில் செய்து, சீனாவில் குழந்தைகள் செத்தார்கள். எனக்கு அதைப் படித்த ராத்திரி தூக்கமில்லை.

நிறுத்திவிட்டு என்ன செய்தேன்? தயிர் சோறும் மீன் தலையும். இரண்டு மாதத்தில் ஒன்றுக்கு முடி கொட்ட ஆரம்பித்தது. டாக்டர் உட்கார வைத்துச் சொன்னார்: பூனைக்கு டாரின் என்ற சத்து உடம்பில் போதுமான அளவுக்கு ஊறாது, கறியிலிருந்துதான் வரவேண்டும், குறைந்தால் கண் போகும், இதயம் வீங்கும். அமெரிக்காவில் கம்பெனிச் சாப்பாடு தின்ற பூனைகளுக்கே அது குறைந்து இதயம் கெட்டது 1987-இல்தான் தெரியவந்து, அப்புறம் கூடுதலாகச் சேர்க்க ஆரம்பித்தார்களாம். ஆக, கம்பெனிக்காரன் தப்பு செய்தால் ஊரே திரும்பிப் பார்க்கிறது. நான் அடுப்படியில் தப்பு செய்தால் யாருக்கும் தெரியாது.

இப்போது சின்னப் பையாக வாங்குகிறேன். முடிகிற வரைக்கும் பையை வீசுவதில்லை. பேட்ச் எண்ணை போனில் போட்டோ எடுத்து வைப்பேன். வீட்டுக்காரர் சிரிப்பார்.


ரோட்டோரக் கடை (விருதுநகர்)

நானும் லூஸில் விற்கிறவன்தான், அதனால் கொஞ்சம் பேச வேண்டியிருக்கிறது.

இருபது கிலோ மூட்டை வாங்க எல்லோரிடமும் காசு இருக்கிறதா? தெருநாய்க்குப் போடுகிற பூக்கார அம்மா என்னிடம் தினமும் கால் கிலோ வாங்குகிறார். சின்னப் பாக்கெட் என்றால் கிலோவுக்கு ரொம்பக் கூட வரும். மூடச் சொன்னால் மூடிவிடலாம், அவர் எங்கே போவார்?

ஆனால் அண்ணாச்சி, உங்கள் கடைக்காரர் செய்தது தப்பு. மூட்டை முடிந்தாலும் பெயரும் தேதியும் அச்சிட்ட பக்கத்தைக் கத்தரித்து ஒரு மாதமாவது வைத்திருக்க வேண்டும். பொட்டலப் பொருள் விதிப்படி தயாரிப்பாளர் முகவரி, மாதம், வருஷம், புகார் எண் எல்லாம் அதில்தான் இருக்கும். பிரித்து நிறுத்த நிமிஷத்திலேயே அத்தனையும் போய்விடுகிறது. உணவுப் பாதுகாப்புத் துறைக்கு எழுதலாம் என்று நினைக்காதீர்கள். 2006 சட்டத்தில் உணவு என்றால் மனுஷன் தின்பது, கால்நடைத் தீவனம் அதில் சேராது. எனக்கு ஒருமுறை புழு வந்த சரக்கில் அலைந்து தெரிந்துகொண்டது.

ஒன்று கேட்கிறேன், கோபிக்கக் கூடாது. வாங்கிப் போய் எதில் கொட்டி வைக்கிறீர்கள்?


உப்பளத்துக் கணக்கன் (தூத்துக்குடி)

கோபம் வந்தது. அப்புறம் எழுந்துபோய்ப் பார்த்தேன்.

நீல பிளாஸ்டிக் டிரம். மாடிப்படிக்குக் கீழே, செருப்பு ஸ்டாண்டை ஒட்டி. இரண்டு வருஷமாக மேலே மேலே கொட்டி, மேலேயே அள்ளியிருக்கிறேன். ஒருநாளும் காலி செய்ததில்லை, கழுவியதில்லை. மிச்சத்தைக் கவரில் மாற்றிவிட்டுக் குனிந்து பார்த்தால், அடியில் இரண்டு விரல் கனத்துக்குத் தூள். எண்ணெய் கசிந்து, மழை ஈரம் இழுத்து, கெட்டியாக அப்பியிருந்தது. கரண்டிக் காம்பால் குத்தினேன். ஓரத்தில் பெயர்ந்து வந்த பாளத்தின் அடிப்பக்கம் பச்சையும் சாம்பலுமாகப் பூத்திருந்தது. வாசனை, தலைக்கு வைத்து மறந்துபோன பழைய தேங்காயெண்ணெய் மாதிரி.

உப்பு ஜாடியில் உப்பே தண்ணீர் விடுகிற ஊர் இது. உப்புச் சாக்குக்கு அடியில் பலகை போடாவிட்டால் என்ன ஆகும் என்று ஆள்களிடம் கத்துகிறவன் நான்.

கடைக்காரரிடம் வாசலில் நின்று பேசிவிட்டு வந்த பேச்சு வேறு ஞாபகம் வருகிறது. அவர் மூட்டையில் இருந்ததா, என் டிரம்மில் பிறந்ததா, இனி யார் சொல்ல முடியும்?

சுக்கு இன்று காலை இட்லி அளவு கோழியும் சோறும் தின்றான். எஸ்.ஜி.பி.டி. 410-க்கு இறங்கியிருக்கிறது. மருந்தை நிறுத்தக் கூடாது, பத்து நாள் கழித்து மறுபடி ரத்தம் எடுக்க வேண்டும் என்கிறார் டாக்டர்.


தீவன மூட்டை (நாமக்கல்)

ஆய்வகத்தில் கேட்டுவிட்டேன், எடுத்துக்கொள்கிறார்கள். அனுப்பும்போது இரண்டு பொட்டலமாக அனுப்புங்கள். மேலே இருந்த உருண்டைகள் தனி, அடியில் இருந்த பாளம் தனி. கலந்துவிட்டால் ஒன்றும் தெரியாமல் போகும். பிளாஸ்டிக் கவர் வேண்டாம், உள்ளே வேர்த்து வழியில் இன்னும் பூக்கும். கனமான காகிதப் பையில் போட்டு, மேலே தேதி எழுதுங்கள். பாளத்தைத் தொடும்போது மூக்கை மூடிக்கொள்ளுங்கள், மகளைக் கிட்டே விடாதீர்கள்.

டிரம்மைக் கழுவி மறுபடி பயன்படுத்தலாமா என்று அடுத்துக் கேட்பீர்கள். வேண்டாம். பிளாஸ்டிக் கீறலில் எண்ணெய் நிற்கும். தண்ணீர் பிடிக்க வைத்துக்கொள்ளுங்கள்.


உப்பளத்துக் கணக்கன் (தூத்துக்குடி)

காகிதப் பை இரண்டு தயார். ஒன்றில் "மேல்", ஒன்றில் "அடி" என்று மகள் ஸ்கெட்ச் பேனாவில் எழுதியிருக்கிறாள். நாளைக் காலை கூரியரில் போடுகிறேன். கடைக்காரரையும் பார்த்துவிட்டு வரவேண்டும், அங்கே வாங்குவதற்கு இல்லை.