மறு: மவுத் ஆர்கனில் ‘ஆல்டர்னேட் டியூனிங்’ – மாற்றுச் சுருதியா, பண்ணலா?

நண்பர்களே,

வகுப்புக் கையேடு வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது, அதற்குள் இந்த ஒரு சொல்லை முடித்தாக வேண்டும்: மவுத் ஆர்கனின் ஓரிரு ரீடுகளை (உள்ளே அதிர்ந்து ஒலிக்கும் சிறு உலோகத் தகடுகளை) வேறு சுரத்துக்கு மாற்றி வைக்கும் ‘ஆல்டர்னேட் டியூனிங்’குக்குத் தமிழில் என்ன பெயர்?

> மாற்றுச் சுருதி என்றே வையுங்கள், எல்லோருக்கும் புரியும்.

புரியும், ஆனால் தப்பாகப் புரியும். சுருதியை மாற்று என்றால் நமக்குக் கட்டையை மாற்றுவதுதான். மாணவர் நேரே கடைக்குப் போய் சி-க்குப் பதில் ஜி மவுத் ஆர்கன் வாங்கி வந்துவிடுவார். இங்கே விஷயம் வேறு. 10 துளை, 20 ரீடு உள்ள வழக்கமான ரிக்டர் அமைப்பில் கீழ் ஸ்தாயியில் ம-வும் த-வும் கிடையாது. ப மட்டும் இரண்டாம் துளையில் மூச்சை உள்ளே இழுத்தாலும் வரும், மூன்றாம் துளையில் ஊதினாலும் வரும். அந்தக் கீழ் த வேண்டுமென்றால் மூன்றாம் துளையை இழுத்து, வரும் நி-யை வாயாலேயே வளைத்து த வரை இறக்க வேண்டும், வேகமான ஐரிஷ் மெட்டுகளில் அது பெரும்பாடு. மவுத் ஆர்கன் கலைஞர் பிரெண்டன் பவர் அந்த மூன்றாம் துளை ஊது ரீடை மட்டும் ஒரு முழுச் சுரம் ஏற்றி த ஆக்கிவிட்டார், அதுதான் பேடி ரிக்டர். கன்ட்ரி டியூனிங் என்ற இன்னொரு மாற்றத்தில் ஐந்தாம் துளை இழு ரீடு அரைச் சுரம் ஏறி, சுத்த மத்திமம் பிரதி மத்திமம் ஆகிறது. இரண்டிலும் ச இருந்த இடத்திலேயே இருக்கிறது.

> சிலம்பில் பாலை திரிபு இருக்கும்போது ஏன் அலைகிறீர்கள்?

ஐயா, பாலை திரிபு என்பது குரலை, அதாவது ச-வை, வேறு நரம்புக்கு நகர்த்திப் புதுப் பாலை (சுர வரிசை) பிறப்பிப்பது. மவுத் ஆர்கன்காரர்கள் செகண்ட் பொசிஷன் என்கிறார்களே, அதற்குத்தான் அது அச்சாகப் பொருந்தும்: சி கருவியில் இளியை (ப-வை) குரலாக வைத்தால் சங்கராபரணம் ஹரிகாம்போதி ஆகிவிடும், ஒரு ரீடையும் சுரண்ட வேண்டியதில்லை. அவ்வளவு நல்ல சொல்லை அதற்கே விட்டுவைப்போம்.

பண்ணல் மீது எனக்கும் ஆசைதான். சிலம்பின் கானல்வரி யாழ் வாசிப்புக்குச் சொல்லும் எட்டு வகையில் அதுதான் முதலாவது, பாடப்போகும் பண்ணுக்கு ஏற்ப யாழைக் கூட்டுவது. ரீடில் இறுக்கிக் கட்ட நரம்பு ஏது என்று ஒருவர் கேட்டிருந்தார், அந்த மறுப்பை நான் ஏற்கவில்லை. நுனியைச் சுரண்டினால் ஒலி ஏறும், அடியைச் சுரண்டினால் இறங்கும், அதுவும் பண்ணுக்காகச் செய்வதுதானே. ஆனால் 13 வயதுப் பிள்ளை ‘மாற்றுப் பண்ணல்’ என்று படித்தால் எதையோ மாற்றிப் பண்ணுவது என்றுதான் எடுத்துக்கொள்ளும். ‘மாற்று நிரல்’ என்று வைக்கலாமென்றால், நிரல் என்ற சொல் ‘புரோகிராம்’ என்ற பொருளில் கணினிக்காரர்களிடம் போய்விட்டது.

அப்புறம் ரீடு. சீவாளி வேண்டாம், அது நாகசுரத்தின் இரட்டை நாணல். நாக்கு என்றால் நாக்கால் துளையை அடைத்து வாசிக்கும் பாடத்தில் வாக்கியமே குழம்பும். ஆர்மோனியக்காரர்கள் எப்போதும் ரீடு என்றுதான் சொல்கிறார்கள், அப்படியே இருக்கட்டும்.

பெரும்பாலோர் ‘மாற்றுச் சுர அமைப்பு’ பக்கம் வந்துவிட்டதால் அதையே அனுப்புகிறேன். சுரமும் வடசொல்தான் என்கிறவர்கள் வியாழன் இரவுக்குள் வேறு சொல் தந்தால் மாற்ற இடமிருக்கிறது, ஆனால் அதை வைத்து ஒரு முழு வாக்கியமும் எழுதி அனுப்புங்கள்.