ஆர்இடிவி 21 வருகிறது, 15க்குள் இருக்க வேண்டுமாம். இரட்டைக் கண்ணாடிதான் வழியா?

ஸ்டில்ட்_நாலு

வணக்கம். பூந்தமல்லி பக்கம் இரண்டே முக்கால் கிரவுண்டு பூர்வீக இடத்தில் அண்ணனும் நானும் சேர்ந்து ஸ்டில்ட், மேலே நாலு மாடி, மாடிக்கு இரண்டு வீடு என்று எட்டு வீடு கட்டப் போகிறோம். கிரீன் சான்றிதழ் இருந்தால் விற்க வசதி என்று அண்ணன் சொன்னதால் ஒரு கன்சல்டன்டைப் பிடித்தோம். அவர் மத்திய அரசின் இகோ நிவாஸ் சம்ஹிதா 2018படி (வீடுகளுக்கான எரிசக்திச் சேமிப்பு விதி) கணக்குப் போட்டு மூன்றிலும் ஃபெயில் என்று கையில் கொடுத்துவிட்டார்.

ஆர்இடிவி, அதாவது சுவரும் ஜன்னலும் வழியாக உள்ளே வரும் வெப்பத்தின் கணக்கு, 21.1 (15க்குள் வேண்டும்). மொட்டை மாடி யு மதிப்பு, அதாவது வெப்பத்தைக் கடத்தும் அளவு, 2.3 (1.2க்குள் வேண்டும்). திறக்கும் ஜன்னல் விகிதம் 10.6 சதவீதம் (16.66 வேண்டும்).

சுவர் 9 அங்குல ஃபிளை ஆஷ் செங்கல், இரண்டு பக்கமும் பூச்சு. வெளிச்சுவர் ஜன்னலோடு சேர்த்து 720 ச.மீ., அதில் கண்ணாடி 144 ச.மீ. எட்டு வீட்டின் கார்பெட் ஏரியா மொத்தம் 680 ச.மீ. ஜன்னல், பால்கனி கதவு எல்லாம் இரண்டு டிராக் யுபிவிசி ஸ்லைடிங், சாதாரண கிளியர் கண்ணாடி. மொட்டை மாடியில் வழக்கம்போல செங்கல் ஜல்லி சுண்ணாம்பு போட்டு மேலே தட்டோடு.

எல்லா ஜன்னலுக்கும் இரட்டைக் கண்ணாடி போடுங்கள் என்கிறார். கொட்டேஷனைப் பார்த்துவிட்டு அண்ணன் சான்றிதழே வேண்டாம் என்கிறார். இன்னும் அஸ்திவாரம் தோண்டவில்லை, அதனால் சுவர் உட்பட எதை வேண்டுமானாலும் மாற்றலாம். வேறு வழி இருக்கிறதா?

மொட்டைமாடி_வெயில்

சார், முதலில் இது கட்டாயமா? பக்கத்தில் யாரும் இப்படிக் கணக்குப் போட்டுக் கட்டியதாகத் தெரியவில்லையே.

வரைபடமேசை

கட்டாயமா என்பதை முதலில் முடித்துவிடுகிறேன். 2018 டிசம்பரில் வந்த சம்ஹிதாவின் முதல் பாகம் 500 ச.மீ. அல்லது அதற்கு மேற்பட்ட மனையில் கட்டும் குடியிருப்புகளுக்கானது. இரண்டே முக்கால் கிரவுண்டு என்றால் 613 ச.மீ., ஆகவே வரம்புக்குள் வருகிறீர்கள். ஆனால் மத்திய அரசு வெளியிட்டதும் தானாக உங்கள் பிளான் அப்ரூவலில் வந்து உட்காராது, மாநிலம் அறிவிக்கை செய்து உள்ளூர்க் கட்டட விதிகளில் சேர்க்க வேண்டும், அப்படிச் சேர்க்கும்போது எண்களைத் தன் ஊருக்கு ஏற்றபடி மாற்றவும் செய்யலாம். எரிசக்திச் சேமிப்புச் சட்டத்தின் 2022 திருத்தம் 2023 ஜனவரி 1 முதல் அமலில் இருக்கிறது, வீடுகளும் சட்டத்தின் வளையத்துக்குள் வந்தது அதில்தான். உங்கள் திட்ட அலுவலகம் எந்தப் பதிப்பைக் கேட்கிறது என்று எழுத்தில் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். கீழே நான் சொல்வதெல்லாம் 2018 எண்கள்.

இப்போது உங்கள் கணக்கு. ஆர்இடிவி என்பது கூரையை விட்டுவிட்டு, வெளிச்சுவரும் ஜன்னலும் வழியாக ஒரு சதுர மீட்டருக்குச் சராசரியாக எத்தனை வாட் வெப்பம் உள்ளே வருகிறது என்பது. மூன்று துண்டாக வரும்: சுவர் கடத்துவது, கண்ணாடி கடத்துவது, கண்ணாடி வழியே நேராக நுழையும் வெயில். சென்னை மாதிரி வெப்ப ஈர மண்டலத்துக்கு இந்த மூன்றையும் முறையே 5.15, 1.31, 65.21 ஆகியவற்றால் பெருக்கச் சொல்கிறது விதி. அந்த நடு எண்ணைப் பாருங்கள், உங்கள் கேள்விக்குப் பதில் அங்கேயே இருக்கிறது.

உங்களுக்குச் சுவர் 80 சதவீதம், கண்ணாடி 20. திசைக் காரணியை (சுவர் பார்க்கும் திசைக்கு ஏற்ற பெருக்கல் எண்) 1 என்று வைத்துத் தோராயமாகப் போடுகிறேன். ஃபிளை ஆஷ் சுவர் யு 2.2 என்றால் 5.15 × 0.8 × 2.2 = 9.1. ஒற்றைக் கண்ணாடி யு 5.8 என்றால் 1.31 × 0.2 × 5.8 = 1.5. வெயில் பங்கு, கிளியர் கண்ணாடிக்கு எஸ்எச்ஜிசி (மேலே விழும் வெயில் வெப்பத்தில் கண்ணாடி உள்ளே விடும் பங்கு) 0.82, ஆக 65.21 × 0.2 × 0.82 = 10.7. கூட்டினால் 21.3. உங்கள் ரிப்போர்ட் எண்ணுக்குப் பக்கத்தில் வந்துவிட்டதா?

இரட்டைக் கண்ணாடி போட்டால் யு 2.8, எஸ்எச்ஜிசி 0.72 என்று வைப்போம். நடுத் துண்டு 1.5லிருந்து 0.7 ஆகிறது, வெயில் துண்டு 9.4 ஆகிறது. மொத்தம் 19.2. அவ்வளவு செலவு செய்தும் ஃபெயில்தான்! குளிர் நாட்டுக்காரர்களுக்கு அறைச் சூடு வெளியே போகாமல் இருக்க அது வேண்டும். நமக்குப் பிரச்சினை வெயிலும் சுவரும்.

இன்னொன்று. 0.82ஐ அப்படியே போட்டால்தான் ரிப்போர்ட் எண் வருகிறது, அப்படியானால் சன்ஷேடுக்கு அவர் எந்தக் கழிவும் தரவில்லை. பிளானில் சன்ஷேட் இருக்கிறதா இல்லையா?

ஸ்டில்ட்_நாலு

இருக்கிறது மேடம், எல்லா ஜன்னலுக்கும் இரண்டடி. பால்கனி நாலரை அடி ஆழம், மேலே அடுத்த மாடியின் பால்கனி. எக்செல் ஷீட்டைத் திறந்து பார்த்தேன், ஷேடிங் என்ற கட்டங்கள் எல்லாமே 0.

வரைபடமேசை

அதுதான். இரண்டடி சன்ஷேடும் நாலரை அடி பால்கனியும் சேர்ந்தால் சராசரியாக 0.82 என்பது 0.65 பக்கம் இறங்கும் (திசைவாரியாக அட்டவணை உண்டு, அதைப் பார்த்துத்தான் போட வேண்டும், நான் சொல்வது குத்துமதிப்பு). வெயில் துண்டு 8.5 ஆகும். மொத்தம் 19.1. ஏற்கெனவே பிளானில் இருக்கிற கான்கிரீட்டுக்கு, இரட்டைக் கண்ணாடி தரும் அதே பலன்.

அப்புறம் சுவர். 8 அங்குல ஏஏசி பிளாக் (காற்றுக்குமிழி நிறைந்த லேசான கான்கிரீட் கல்) போட்டால் யு 0.8 வாக்கில் வரும். சுவர்த் துண்டு 9.1லிருந்து 3.3க்கு விழும். 3.3 + 1.5 + 8.5 = 13.3. முடிந்தது.

ஃபிளை ஆஷையே வைத்துக்கொண்டு எஸ்எச்ஜிசி 0.4 உள்ள சோலார் கன்ட்ரோல் கண்ணாடி போட்டும் 15க்குள் நுழையலாம், சன்ஷேடோடு சேர்த்து 14.7 வரும். எனக்கு அதில் விருப்பமில்லை. நம் ஊரில் ஜன்னலைத் திறந்துதான் வைப்பார்கள், திறந்த பிறகு கண்ணாடி என்ன நம்பராக இருந்தால் என்ன. சுவர் 24 மணி நேரமும் அங்கேயே நிற்கும். மலிவாகக் கறுப்பு ஃபிலிம் ஒட்டி எண்ணைக் குறைக்கலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள், உங்கள் ஜன்னல் அளவுக்குக் கண்ணாடி குறைந்தது 27 சதவீத வெளிச்சத்தை உள்ளே விட வேண்டும் என்று தனி விதி இருக்கிறது.

மேஸ்திரி_மகன்

மேடம் கணக்கு சரிதான், ஆனா பீம், காலம் (தூண்) எங்கே போச்சு? வெளிச்சுவரில் கான்கிரீட் தெரிகிற பரப்பைத் தனியாகப் போட வேண்டும். அதுக்கு யு 2.9 வரும். சுவரில் 15 சதவீதம் கான்கிரீட் என்று வைத்தால் சராசரி 0.8 இல்லை, 1.1 ஆகிவிடும். சுவர்த் துண்டு 4.6, மொத்தம் 14.6. பாஸ்தான், ஆனால் நூலிழையில்.

ஏஏசி போடுவதென்றால் வேலையையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் நம் ஆட்கள் செங்கல் வேலை மாதிரியே இதையும் செய்துவிட்டு அப்புறம் பிளாக்கைக் குறை சொல்வார்கள். காலமும் பிளாக்கும் சேரும் இடத்தில் கோழிவலை அடிக்காமல் பூசினால் முதல் கோடையிலேயே கோடு மாதிரி வெடிப்பு வரும், மழைக்கு அது வழியாகத்தான் தண்ணீர் இறங்கும். பிளாக்கைத் தண்ணீர் ஊற்றி ஊறவைக்கக் கூடாது, லேசாக நனைத்தால் போதும். கெமிக்கல் பசையில் மெல்லிய ஜாயின்ட்டாகக் கட்டச் சொல்லுங்கள், அரை அங்குலத்துக்கு மேல் சிமென்ட் கலவை வைத்துக் கட்டினால் ஜாயின்ட் வழியாகவே சூடு போகும். கீசர், கிச்சன் கப்போர்டு மாட்டுகிற இடத்தை முன்னாடியே குறித்துக்கொண்டால் அந்த இடத்துக்கு ஏற்ற ஆங்கர் வாங்கலாம், சாதாரண பிளக் அடித்தால் கையோடு வந்துவிடும்.

வரைபடமேசை

கான்கிரீட்டைச் சேர்க்கச் சொன்னது நியாயம். 14.6ஐ இன்னும் கொஞ்சம் இறக்க ஒரு காசு செலவில்லாத வழி: சென்னை அட்சரேகையில் வடக்குச் சுவரின் திசைக் காரணி 0.66, கிழக்கும் மேற்கும் 1.15. அதாவது மேற்கில் இருக்கிற ஒரு ஜன்னலை வடக்குக்கு நகர்த்தினால் அதன் வெயில் கணக்கு ஏறக்குறைய பாதியாகிறது. மேற்குச் சுவரில் மாலை வெயில் தாழ வந்து அடிக்கும், அங்கே இரண்டடி சன்ஷேட் பெரிதாக எதையும் மறைக்காது. மாஸ்டர் பெட்ரூம் மேற்கில்தான் இருக்க வேண்டும் என்று வாஸ்து பார்ப்பவர் அடம்பிடிக்காவிட்டால் நகர்த்திப் பாருங்கள்.

மூன்றாவது ஃபெயில், திறக்கும் ஜன்னல். இதைத்தான் எல்லோரும் கடைசியில் கவனிக்கிறார்கள். 680க்கு 16.66 சதவீதம் என்றால் 113 ச.மீ. திறக்க வேண்டும். உங்களிடம் 144 இருக்கிறது, ஆனால் இரண்டு கதவு ஸ்லைடிங்கில் பாதிதான் திறக்கும், விதியும் 50 சதவீதம் என்றே எடுத்துக்கொள்ளும். 72 ச.மீ., அதுதான் அந்த 10.6. ஜன்னலைப் பெரிதாக்கினால் ஆர்இடிவி ஏறிவிடும். அளவைத் தொடாதீர்கள், திறக்கிற விதத்தை மாற்றுங்கள். வெளியே மடக்கித் திறக்கும் கேஸ்மென்ட்டுக்கு 90 சதவீதம் கணக்கு.

ஸ்டில்ட்_நாலு

பால்கனி கதவு 48 ச.மீ. இருக்கிறது, அதைக் கேஸ்மென்ட் ஆக்கினால் பால்கனியில் நிற்க இடமில்லை என்று வீட்டில் சொல்கிறார்கள். மீதி 96 ச.மீ. ஜன்னலை மட்டும் மாற்றினால் போதுமா?

வரைபடமேசை

96க்கு 90 சதவீதம் 86.4, கதவு 48க்குப் பாதி 24, மொத்தம் 110.4. அதாவது 16.2 சதவீதம். அரை சதவீதத்தில் கோட்டை விடுகிறீர்கள்! பால்கனி கதவை மூன்று கதவு ஸ்லைடிங் ஆக்குங்கள், அதற்கு 67 சதவீதம். 32 + 86.4 = 118, 17.4 சதவீதம். போதும்.

ஒரு எச்சரிக்கை. மூன்று டிராக் என்று கேட்டால் நம் கடைக்காரர்கள் இரண்டு கண்ணாடி, ஒரு கொசுவலை என்று எடுத்துக்கொள்வார்கள். அது பழையபடி 50தான். மூன்றும் கண்ணாடியாக இருக்க வேண்டும், கொசுவலை மடிப்பு வலையாகத் தனியே. ஆர்டரில் படம் போட்டுக் கையெழுத்து வாங்குங்கள். கேஸ்மென்ட் வெளியே திறப்பதால் கிரில் உள்ளே வரும், கொசுவலை அதற்கும் உள்ளே, இதையும் இப்போதே பேசி வைத்துக்கொள்ளுங்கள்.

மின்கணக்கு

நடுவில் வருவதற்கு மன்னிக்கவும். எங்களுடையது பழைய அலுவலகக் கட்டடம், இணைப்புச் சுமை 110 கிலோவாட். வாடகைக்கு வரும் கம்பெனி பிஇஇ (மத்திய அரசின் எரிசக்தித் திறன் அமைப்பு) ஸ்டார் லேபிள் கேட்கிறது. நாங்களும் சுவரை இடித்து ஏஏசி போட வேண்டுமா?

வரைபடமேசை

வேண்டாம் வேண்டாம். வணிகக் கட்டடத்துக்கு இசிபிசி என்று தனி விதி (2007, பிறகு 2017), 100 கிலோவாட் இணைப்புச் சுமை அல்லது 120 கேவிஏ ஒப்பந்தத் தேவையிலிருந்து அது தொடங்கும். ஆனால் அது புதிதாகக் கட்டுவதற்கும் பெரிதாக விரிவாக்குவதற்கும்தான். நிற்கிற கட்டடத்துக்கான ஸ்டார் லேபிள் தானாக முன்வந்து வாங்குவது. அதில் சுவர் என்ன கல் என்று யாரும் கேட்பதில்லை, ஒரு வருஷ மின்சாரத்தைப் பரப்பால் வகுப்பார்கள். 1,500 ச.மீ. கட்டடம் 1,80,000 யூனிட் எரித்தால் ச.மீட்டருக்கு 120. ஜெனரேட்டர் யூனிட்டையும் சேர்க்க வேண்டும், பார்க்கிங் பரப்பைச் சேர்க்கக் கூடாது. காலநிலை மண்டலத்தையும், ஏசி பாதிப் பரப்புக்கு மேலா கீழா என்பதையும் பார்த்துத்தான் ஸ்டார். பன்னிரண்டு மாத பில்லை எடுத்து வைத்துக்கொண்டு தனியாக ஒரு கேள்வி போடுங்கள், இங்கே பேசினால் இவருடைய விஷயம் காணாமல் போகும்.

மொட்டைமாடி_வெயில்

மொட்டை மாடியை விட்டுவிட்டீர்களே. கூலிங் பெயின்ட் அடித்தால் 2.3 குறையுமா? எங்கள் வீட்டில் அடித்ததும் மேல்மாடி நன்றாகவே குளிர்ந்தது.

மேஸ்திரி_மகன்

குளிர்வது நிஜம், வெள்ளை வெயிலைத் திருப்பி அனுப்பும். ஆனால் யு மதிப்பு என்பது கூரையின் தடிமனும் பொருளும் கடத்துகிற கணக்கு, நிறத்தால் அது மாறாது. பெயின்ட் தூசு படிந்து மங்கவும் செய்யும். 6 அங்குல ஸ்லாபுக்கு மேல் ஜல்லி சுண்ணாம்பும் தட்டோடும் போட்டால் 2.3 பக்கம்தான் நிற்கும். நடுவில் 25 மி.மீ. எக்ஸ்பிஎஸ் பலகை (சூட்டைத் தடுக்கும் கெட்டியான நுரைப் பலகை) வைத்தாலே 0.8க்கு வந்துவிடும். 40 மி.மீ. வைத்தால் 0.6க்குக் கீழே. நான் 40 வைப்பேன், ஆள் கூலி இரண்டுக்கும் ஒன்றுதான்.

ஸ்டில்ட்_நாலு

கன்சல்டன்டிடம் சன்ஷேட், ஏஏசி, பீம், காலம் எல்லாவற்றையும் திசைவாரியாகச் சேர்த்துத் திரும்பப் போடச் சொன்னேன். மேற்கிலிருந்து மாடிக்கு ஒரு ஜன்னலை வடக்குக்கு மாற்றியாயிற்று. ஆர்இடிவி 14.2, திறக்கும் விகிதம் 17.4. கண்ணாடி அதே ஒற்றைக் கிளியர். அண்ணன் இப்போது சான்றிதழ் வாங்கலாம் என்கிறார். கடைசியாக ஒன்று: எக்ஸ்பிஎஸ் பலகை வாட்டர்புரூஃபிங்குக்கு மேலேயா கீழேயா? ஆளுக்கு ஒன்று சொல்கிறார்கள்.

மேஸ்திரி_மகன்

மேலே. ஸ்லாப், அதன் மேல் சரிவுக்கான கலவை, அதன் மேல் வாட்டர்புரூஃபிங், தண்ணீர் கட்டி சோதனை பார்த்துவிட்டு அப்புறம் பலகை, ஜியோ துணி, மேலே கான்கிரீட் போட்டு ஓடு. அப்படிச் செய்தால் வாட்டர்புரூஃபிங் வெயிலே பார்க்காது, ஆயுளும் கூடும். தெர்மாகோல் கொடுத்து இதுவும் அதுவும் ஒன்றுதான் என்பார்கள், வாங்காதீர்கள், அது தண்ணீர் குடிக்கும். சோலார் ஸ்டாண்டு, தண்ணீர்த் தொட்டி மேடை, துணிக்கொடிக் கம்பம் இதற்கெல்லாம் அடித்தளத்தை ஸ்லாபிலிருந்தே எழுப்பிவிட்டு வாட்டர்புரூஃபிங்கை அதன் பக்கத்தில் ஒரு அடி ஏற்றிப் போடுங்கள், பின்னால் ஓடு வழியாக டிரில் போட யாரையும் விடாதீர்கள்.