டொரொண்டோவில் பிறந்த பிள்ளைக்கு இலங்கைப் பிரஜாவுரிமை: வயது 22 ஆக முன் என்ன செய்யலாம்?

வெள்ளவத்தை_06:
வணக்கம். அக்காவின் மகன் 2005இல் டொரொண்டோவில் பிறந்தவன், வளர்ந்ததும் அங்கேதான். அத்தான் 2003இலும் அக்கா 2007இலும் கனடியப் பிரஜை ஆனவர்கள். பிள்ளையின் பிறப்பை உயர்ஸ்தானிகராலயத்தில் பதியவில்லை. இப்ப அவன் கொழும்பில் அம்மம்மாவோடு இருந்து வேலை செய்ய விரும்புகிறான். வயது 22 ஆக இன்னும் கொஞ்ச மாதம்தான். இரட்டைப் பிரஜாவுரிமைக்கு நேரே விண்ணப்பிக்கலாமா? அம்மம்மாவின் ஃபிளாட்டை அவன் பெயரில் எழுதுவதில் தடை இருக்கா?

கச்சேரி_கோப்பு:
நேரே முடியாது. இலங்கைப் பிரஜாவுரிமைச் சட்டத்தின் 19ஆம் பிரிவு தரும் இரட்டைப் பிரஜாவுரிமை, இலங்கைப் பிரஜையாக இருந்து அதை இழந்தவருக்கும் இழக்கப் போகிறவருக்கும்தான். பிறப்பு பதியப்படாததால் அவன் இன்னும் சட்டப்படி பிரஜை ஆகவில்லை. ஆகவே அதே சட்டத்தின் 5(2) பிரிவின் கீழ் பிறப்பைப் பதிவதுதான் முதல் வேலை.

அதற்கு, பிள்ளை பிறந்த அன்று தாயோ தகப்பனோ இலங்கைப் பிரஜையாக இருந்திருக்க வேணும். வேறு நாட்டுப் பிரஜாவுரிமையைத் தானாக விரும்பி எடுத்தால் இலங்கைப் பிரஜாவுரிமை தானாகவே போய்விடும். இலங்கைக் கடவுச்சீட்டு கைவசம் இருந்தாலும் அது உதவாது. அத்தான் வழி அதனால் மூடியாச்சு. அக்கா 2007இல்தான் எடுத்தவர், எனவே தாய் வழி இருக்கு. 2003இன் 16ஆம் இலக்கத் திருத்தச் சட்டத்துக்கு முன்னர், பெற்றோர் மணமானவர்களாக இருந்தால் தகப்பனின் பிரஜாவுரிமை மட்டுமே கணக்கு. 2005இல் பிறந்ததால் இவனுக்கு அந்தச் சிக்கல் இல்லை.

பதிவுக்கான காலம் பிறந்து ஒரு வருடம். தகுந்த காரணம் இருந்தால் அமைச்சர் அதை நீடிக்கலாம் என்று சட்டமே சொல்கிறது. ஆனால் அது உரிமை இல்லை, தற்றுணிபு. அதனால் பிந்திய காரணத்தை விளக்கும் கடிதத்தை அக்கா கவனமாக எழுத வேணும். "தெரியாது" என்ற ஒற்றை வரி போதாது.

கடிதத்தோடு: தாய் தகப்பன் பெயர் உள்ள நீண்ட வடிவப் பிறப்புச் சான்றிதழ் (ஒன்ராறியோவின் சிறிய சான்றிதழில் பெற்றோர் பெயர் வராது, திருப்பி அனுப்புவார்கள்), அக்காவின் இலங்கைப் பிறப்புச் சான்றிதழ், திருமணச் சான்றிதழ், பிள்ளை பிறந்தபோது செல்லுபடியாக இருந்த இலங்கைக் கடவுச்சீட்டு, கனடியப் பிரஜாவுரிமைச் சான்றிதழ். கடைசியானதில் திகதி தெளிவாகத் தெரிய வேணும். 2012 வரை விழாவில் கொடுத்த நினைவுச் சான்றிதழை ஆதாரமாக எடுக்கமாட்டார்கள். உயர்ஸ்தானிகராலயம் ஊடாகவோ பத்தரமுல்லை சுஹுருபாயவில் உள்ள குடிவரவு குடியகல்வுத் திணைக்களத்திலோ கொடுக்கலாம்.

கோப்புகள் அதிகம் நின்றுபோவது பெயரில்தான். அக்காவின் இலங்கை ஆவணத்தில் தகப்பன் பெயரும் கனடிய ஆவணத்தில் கணவர் பெயரும் இருக்கும். எழுத்துக்கூட்டலும் ஒவ்வொன்றில் ஒவ்வொரு மாதிரி. இரண்டும் ஒரே ஆள்தான் என்று சத்தியக்கடதாசி முடித்து, திருமணச் சான்றிதழோடு முதலிலேயே இணையுங்கள். தமிழ்ச் சான்றிதழுக்குச் சத்தியப்பிரமாண மொழிபெயர்ப்பாளரின் ஆங்கிலப் பிரதி எடுத்து வையுங்கள்.

கொட்டாஞ்சேனை_வாசகன்:
மேலே சொன்னது சரி. 22இன் அர்த்தத்தையும் சேர்த்துப் பாருங்கள். வம்சாவளிப் பிரஜையாக, அதாவது பெற்றோர் வழியில் பிரஜையாக, பதிந்தாலும், கனடியப் பிரஜாவுரிமையைத் துறக்காவிட்டால் 22 வயதில் இலங்கைப் பிரஜாவுரிமை அற்றுப்போகும். பிறகு அதை மீளப் பெறுவதுதான் இரட்டைப் பிரஜாவுரிமை. அதற்குக் கல்வித் தகைமை, இலங்கையில் சொத்து, நிலையான வைப்பு போன்ற தகுதிகளில் ஒன்றும், வாழ்ந்த நாட்டுப் பொலிஸ் அறிக்கையும் கேட்பார்கள். கட்டணத்தைத் திணைக்களத்தின் தளத்திலேயே பாருங்கள், பழைய பதிவுகளை நம்பவேண்டாம்.

பரம்பரையைக் காகிதத்தில் நிரூபிக்கச் சொல்லும் இந்தச் சட்டத்தின் வேர் 1948. தகப்பன் அல்லது பாட்டனும் பூட்டனும் இங்கே பிறந்ததைக் காட்டு என்று கேட்டுத்தான் மலையகத் தமிழர் இலட்சக்கணக்கில் நாடற்றவராக்கப்பட்டார்கள். அதில் மிஞ்சியவர்களுக்கு 2003இன் 35ஆம் இலக்கச் சட்டம் வரும்வரை தீர்வு வரவில்லை. அதனால்தான் சொல்கிறேன், உறவு எவ்வளவு நெருக்கமாக இருந்தாலும் திகதியும் சான்றிதழும் இல்லாமல் அந்த மேசையில் கதைக்க முடியாது.

பம்பலப்பிட்டி_4:
ஃபிளாட் பற்றி: 2014இன் 38ஆம் இலக்கச் சட்டம் வெளிநாட்டவருக்குக் காணி மாற்றுவதைத் தடுக்கிறது. இரட்டைப் பிரஜைக்கு அந்தத் தடை இல்லை. நெருங்கிய உரித்தாளருக்கு வாரிசுரிமையாலோ நன்கொடையாலோ மரண சாசனத்தாலோ போவதற்கும் விலக்கு உண்டு. பேரன் அதற்குள் வருவானா என்று நொத்தாரிசிடம் எழுத்தில் கேளுங்கள். அம்மம்மா இருக்கும்போதே கேட்பது நல்லது.

தம்பி அரசியலில் ஆர்வமுள்ளவன் என்றால் இதையும் சொல்லுங்கள்: 2022இன் 21ஆம் திருத்தத்தின்படி இரட்டைப் பிரஜை பாராளுமன்ற உறுப்பினராக முடியாது. 2017இல் கீதா குமாரசிங்க இதே மாதிரியான தடையால்தான் ஆசனம் இழந்தார்.

இரண்டு கடவுச்சீட்டும் வந்தபிறகு கனடா போகும் விமானத்துக்குக் கனடியக் கடவுச்சீட்டு கட்டாயம் கையில் இருக்க வேணும். கட்டுநாயக்காவுக்குப் போக முன்னம் அதன் முடிவுத் திகதியைப் பார்த்துவிடுங்கள்.

வெள்ளவத்தை_06:
நன்றி. நீண்ட வடிவச் சான்றிதழுக்கு இன்றைக்கே அக்காவை விண்ணப்பிக்கச் சொல்கிறேன். நினைவுச் சான்றிதழைத்தான் அவ எடுத்து வைத்திருக்கிறா.